ஜோடி மாறும் ஆட்டம்

நியூயார்க் ஹார்லெமில் 1926-இல் திறந்த சவாய் நடனக்கூடத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினர். லிண்டி ஹாப் என்ற ஜோடி நடனம் அங்கேதான் வளர்ந்தது. 1958-இல் கூடம் மூடப்பட்டு, பிறகு இடிபட்டுக் குடியிருப்பாகிப் போச்சு. அங்கே பெயரெடுத்த ஃபிராங்கி மேனிங் அதற்கு முன்பே தபால் இலாகா வேலைக்குப் போய்விட்டார், பாருங்கள்!

1980-களில் கலிஃபோர்னியா, சுவீடன் இளைஞர்கள் அவரைத் தேடி வந்து கற்றார்கள். இந்த வகுப்புகளில் சில நிமிடத்துக்கொரு முறை ஜோடி மாற வேண்டும். தெரிந்தவர், தெரியாதவர் பார்க்க முடியாது. எதிரே நிற்பவரின் கை அசைவைக் கவனித்தால்தான் அடுத்த அடி வரும். அந்நியர் கூட்டாளியானது இந்த வழக்கத்தால்தான் என்பேன். சுவீடனின் ஹெரெங் சிற்றூரில் 1982-இல் தொடங்கிய நடன முகாமிலும் மேனிங் பல ஆண்டு கற்பித்தார். 2009-இல் மறைந்தபோது அவருக்கு வயது 94.