விட்டான், விட்டோம்: ஒரு கிரேக்க வினைச்சொல்லின் வரலாறு

ஒரு சொல்லின் பொருளை அறிய விரும்புவோர் அகராதியைத் திறப்பது வழக்கம். அகராதி பொருள்களை நிரல்பட வைக்கும்; ஆனால் அப்பொருள்கள் ஒன்றோடொன்று எவ்வாறு உறவுடையன, எக்காலத்தில் எவர் வாயில் வழங்கின என்பதை அது முற்றக் கூறுவதில்லை. அதனை வழக்கிலிருந்தே கற்றல் வேண்டும். கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற புதிய ஏற்பாட்டில் அடிக்கடி வரும் வினைச்சொல் ஒன்றினை எடுத்து, அதன் வரலாற்றை நேயர்களோடு இன்று ஆராய விரும்புகின்றேன். ‘அஃபியேமி’ என்பது அச்சொல். புதிய ஏற்பாட்டிலே அது 140 தடவைக்கு மேல் வருகின்றது. கிரேக்கம் கற்கத் தொடங்கும் மாணவனுக்கு அதன் பொருள் ‘மன்னித்தல்’ என்று சொல்லிக்கொடுப்பதுண்டு. அது பிழையன்று. ஆயினும் அப்பொருளை மட்டும் கைக்கொண்டு நூலைப் படிக்கப் புகுபவன் தொடக்கத்திலேயே தடுமாறுவான்.

மாற்கு எழுதிய நற்செய்தியின் முதலிரண்டு அதிகாரங்களை நோக்குவோம். கலிலேயக் கடற்கரையிலே மீனவர் தம் வலைகளை விட்டு இயேசுவின் பின்னே செல்கின்றனர். அங்கே இச்சொல் வருகின்றது. செபெதேயுவின் மைந்தர் தந்தையைப் படகிலே விட்டுச் செல்கின்றனர்; அங்கும் இதே சொல். சீமோனுடைய மாமியைக் காய்ச்சல் விடுகின்றது; அங்கும் இதே சொல். கட்டிலோடு கொண்டுவரப்பட்ட நோயாளியின் பாவங்கள் நீக்கப்பட்டன என்று கூறுமிடத்தும் இதுவே. இன்னும் சில அதிகாரங்கள் கடந்தால், சிறுவர்களைத் தம்மிடம் வரவிடுமாறு இயேசு சீடரைப் பணிக்கும் இடத்தில் இச்சொல்லைக் காணலாம். சிலுவையில் அவர் உயிர் விட்டமையை மத்தேயு கூறும் இடத்திலும் இதனையே காண்கின்றோம்.

ஆங்கிலத்திற் பெயர்த்தவர்கள் இவ்விடங்களுக்குப் பல சொற்களைத் தேடவேண்டியவராயினர். தமிழர்க்கோ ‘விடு’ என்னும் ஒரு வினை கைவசம் உண்டு. வலையை விடுகின்றோம்; காய்ச்சல் விடுகின்றது; பிள்ளையை வர விடுகின்றோம்; அம்பை விடுகின்றோம்; உயிரை விடுகின்றோம்; வரவேண்டிய கடனையும் சிலவேளை விட்டுவிடுகின்றோம். விடுதலை என்பதும், நாற்பொருளுள் ஒன்றாகிய வீடு என்பதும் இவ்வடியிற் பிறந்தனவே. இவ்விரு மொழிகளுக்கும் இனவுறவு இல்லை. பற்றிய கையைத் திறந்து ஒன்றைப் போகவிடுதல் என்பது மக்கள் யாவர்க்கும் பொதுவான செயலாதலின், ஒத்த வழக்குகள் இரு மொழியிலும் தோன்றின என்று கொள்ளலாம்.

‘அப்பால்’ என்று பொருள்படும் ஓர் அடைமொழியும், ‘செலுத்து’ என்று பொருள்படும் ஒரு வினையும் சேர்ந்தே இச்சொல் அமைந்தது. ஹோமர் பாடிய இலியத்திலே தேவர்க்கரசனாகிய சேயுசு இடியேற்றை விடும்போது இச்சொல் வழங்குகின்றது. பின்னர் அது அதென்ஸ் நகரத்து நீதிமன்றத்தினுள் நுழைந்தது. கொலையுண்டவன் இறக்குமுன் தன்னைத் தாக்கியவனைக் குற்றத்தினின்றும் விட்டுவிடுவானாயின், உறவினர் வழக்குத் தொடர்தல் இயலாது என்று தெமொஸ்தனிஸ் தம் வழக்குரை ஒன்றிற் கூறுகின்றார். அங்கே விடப்படுவது இடியன்று, வழக்குரிமை. கையால் விடுதல் உரிமையால் விடுதலாக வளர்ந்தது.

மூன்றாம் கட்டத்தைக் காண எகிப்துக்குச் செல்லவேண்டும். பேரரசன் அலெக்சாந்தரின் படையெடுப்பின் பின், கிரேக்கம் அங்கே ஆட்சிமொழியாயிற்று. 1799ஆம் ஆண்டு, நைல் நதியின் கழிமுகத்தில் உள்ள றொசெற்றா என்னும் ஊருக்கு அண்மையில் பிரெஞ்சுப் படைவீரர் ஒரு கல்லைக் கண்டெடுத்தனர். இன்று பிரித்தானிய நூதனசாலையில் இருக்கும் அக்கல், எகிப்தியரின் பட எழுத்தைப் படித்தறிய உதவியதனாற் புகழ்பெற்றது. ஆனால் அதன் அடிப்பாகத்திலுள்ள கிரேக்க வாசகமும் நம் கவனத்துக்குரியது. கி.மு. 196ஆம் ஆண்டில், சிறுவனாயிருந்த ஐந்தாம் தொலமி மன்னனைப் போற்றிப் பூசகர்கள் இயற்றிய தீர்மானம் அது. மன்னன் சில வரிகளை முற்றாக விட்டான் என்றும், குடிகள் அரசுக்குச் செலுத்தவேண்டியிருந்த பெருந்தொகையான கடன்களை விட்டான் என்றும் அது கூறுகின்றது. ‘விட்டான்’ என்பதற்கு அங்கே பொறிக்கப்பட்ட சொல் ‘அஃபேக்கென்’. நம் வினையின் இறந்தகால வடிவம் அதுவே. கடன்கள் என்பதற்கு நிற்கும் ‘ஒஃபெயிலேமட்டா’ என்னும் சொல்லும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஏறத்தாழ 200 ஆண்டுகளின் பின் இயேசு கற்பித்த செபத்தில், மத்தேயுவின் பாடத்திலே, இவ்விரு சொற்களும் மீண்டும் இணைந்து வரக் காண்போம்.

அரசாணையில் மட்டுமன்று, ஏழையின் கடிதத்திலும் இச்சொல் வாழ்ந்தது. எகிப்தில் ஒக்சிரிங்கஸ் என்னும் பழைய நகரின் குப்பைமேடுகளை 1896ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து கிறென்பெல், ஹண்ட் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் அகழ்ந்தனர். அங்கே கிடைத்த பப்பைரஸ் ஏடுகளுள் ஒன்று கி.மு. 1ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. அலெக்சாந்திரியாவிலே தொழில் நிமித்தம் தங்கியிருந்த இலாரியன் என்பவன், கருவுற்றிருந்த மனைவி ஆலிசுக்கு அதனை விடுத்தான். அன்போடு தொடங்கும் அக்கடிதம், பிறப்பது ஆணாயின் விட்டுவைக்குமாறும், பெண்ணாயின் வெளியே எறியுமாறும் பணிக்கின்றது. ‘விட்டுவை’ என்பதற்கு அவன் எழுதிய ஏவற்சொல் ‘அஃபெஸ்’. அதே காலத்தவர் தம் செபத்திற் கடவுளை நோக்கிக் கூறிய ஏவலும் இந்த ‘அஃபெஸ்’ தான். அச்சொல்லின் முன் ஓருயிர் நின்றது என்பதை எண்ணும்போது, அதன் நிறை நமக்குப் புலனாகின்றது.

இத்தகைய ஏடுகள் வெளிவருமுன், புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் வெளிப்பாட்டுக்கென்றே அமைந்த தனிமொழி என எண்ணினாரும் உளர். செருமானிய அறிஞர் தைஸ்மன் 1895ஆம் ஆண்டிலும் 1908ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்கள் அக்கருத்தைத் தளரச் செய்தன. பற்றுச்சீட்டு, விண்ணப்பம், குடும்பக் கடிதம் ஆகியவற்றில் வழங்கிய மக்கள் மொழியே அது என அவர் காட்டினார்.

இனி யூதர் பக்கம் திரும்புவோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் அவர்தம் மறைநூல்கள் எபிரேயத்திலிருந்து கிரேக்கத்திற் பெயர்க்கப்பட்டன. ஏழாம் ஆண்டிற் கடன்களை நீக்குமாறு உபாகமம் விதிக்கின்றது. ஐம்பதாம் ஆண்டில் அடிமைப்பட்டவர் தம் குடும்பத்துக்கும், இழந்தவர் தம் காணிக்கும் மீளுமாறு லேவியராகமம் விதிக்கின்றது. இவ்விரண்டையும் குறிக்க மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த சொல் ‘அஃபெசிஸ்’. நம் வினையினின்றும் பிறந்த பெயர்ச்சொல் இது. பலிமுறைகளைக் கூறுமிடத்துப் பாவநீக்கத்துக்கும் இவ்வினையையே வழங்கினர். இவ்வாறு கடனும் அடிமைத்தனமும் பாவமும் ஒரே வினையின்கீழ் வந்தன. பாலஸ்தீன மக்கள் பேசிய அரமேய மொழியிலும் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரு சொல்லே வழங்கிற்று.

கடன் அக்காலத்து மக்களை வாட்டிய உண்மைத் துயர். ஏழாம் ஆண்டு நெருங்குங்கால் எவரும் கடன் கொடுக்க அஞ்சினமையால், கடன் அழியாதிருக்க இல்லேல் என்னும் ஆசிரியர் ‘புரொஸ்புல்’ என்னும் நீதிமன்றப் பத்திரத்தை ஏற்படுத்தினார் என யூதரின் மிஷ்னா நூல் கூறும். கி.பி. 66இல் எருசலேமிற் கிளர்ச்சி மூண்டபோது, கலகக்காரர் ஆவணக் களஞ்சியத்துக்குத் தீயிட்டுக் கடன்சீட்டுகளை எரித்தனர் என வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியுள்ளார்.

இப்பின்னணியில் மத்தேயு 18ஆம் அதிகாரத்து உவமையை நோக்குக. ஊழியன் ஒருவன் அரசனுக்கு 10,000 தாலந்து கடன்பட்டான். ஒரு தாலந்து 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாட்கூலி. ஆகவே அக்கடன் 6 கோடி நாட்கூலிக்கு ஒப்பாகும். மனைவி மக்களோடு விற்கப்பட இருந்த அவனுக்கு அரசன் அதனை விட்டான். வெளியே வந்த அவனோ, தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய உடனூழியனின் கழுத்தைப் பிடித்தான். அவன் பெற்ற விடுதலையின் 6 இலட்சத்தில் ஒரு பங்கையும் பிறனுக்கு விட அவனால் இயலவில்லை. சகோதரனை எத்தனை முறை மன்னிக்கவேண்டும் என்று பேதுரு கேட்ட வினாவுக்கே இக்கதை விடையாக வந்தது. வினாவிலும் கதையிலும் வரும் வினை ஒன்றே.

ஆகவே ‘அஃபியேமி’ மனத்திலெழும் கனிவை மட்டும் குறிக்கும் சொல்லன்று. கேட்டுப் பெறும் உரிமையுடைய ஒருவன் அவ்வுரிமையைத் தானே கைவிடும் செயலை அது குறிக்கின்றது. அதனால் ஒருவன் விடுபடுகின்றான். மற்றவன் இழப்பை ஏற்கின்றான்.

இறுதியாக ஒன்று. மத்தேயுவின் செபத்தில், எமக்குக் கடன்பட்டவர்க்கு நாம் விடுகின்றோம் என்னும் கருத்துடைய பகுதி, பிற்காலப் படிகள் பலவற்றில் நிகழ்காலத்தில் உள்ளது. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் படியின் முதற்பாடத்திலும் வத்திக்கான் படியிலும் அது ‘அஃபேக்கமென்’ என இறந்தகாலத்தில் நிற்கின்றது. மன்னன் ‘விட்டான்’ எனக் கல்லிற் பொறித்த அதே வினை, அதே காலம், இங்கே ‘விட்டோம்’ எனத் தன்மைப் பன்மையில் வருகின்றது. எகிப்திலே அச்செயலுக்கு அரசன் ஒருவன் வேண்டியிருந்தான். இச்செபத்தைச் சொல்பவனோ, தன் கடனை நீக்குமாறு வேண்டுமுன், பிறர் கடனைத் தான் விட்டாயிற்று என்று சொல்லவேண்டியவனாகின்றான்.