முலூஸ் நகரத்து நீல வண்டிகள்

பழைய பந்தயக் கார் ஒன்றைப் பல ஆண்டுகள் உழைத்துச் சீர்செய்தவன் அதை விற்பதா வேண்டாமா என்று தவிப்பதைப் பெரும்பாலும் ஒரு தனிமனிதனின் மனச்சிக்கலாகவே பேசுகிறோம். ஒருபக்கம் கடன், மறுபக்கம் பாசம். பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், அல்சேஸ் பகுதியின் முலூஸ் நகரில், 1977-இல் இதே தவிப்பு ஆயிரக்கணக்கானவர்களுடையதாக மாறியது. அங்கே நின்றவை நானூறுக்கும் மேற்பட்ட கார்கள். விற்பதா என்று யோசிக்க வேண்டியிருந்தவர்களோ அவற்றை வாங்கியவர்கள் அல்லர். கூலி நிலுவையில் கிடந்த நூற்பாலைத் தொழிலாளர்கள்.

முலூஸ் துணியால் எழுந்த ஊர். 1746-இல் அங்கே முதல் பருத்தி அச்சுப் பட்டறை தொடங்கப்பட்டது. அதில் அச்சிடப்பட்ட துணிக்கு 'அந்தியேன்', அதாவது இந்தியத் துணி, என்றே பெயர். சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கப்பலேறிய சீட்டித் துணிகள் ஐரோப்பியப் பெண்களை மயக்கியிருந்த காலம். உள்நாட்டு நெசவைக் காக்கப் பிரெஞ்சு அரசு 1686 முதல் 1759 வரை அவற்றைத் தடை செய்திருந்தது. முலூஸ் அப்போது பிரான்ஸுடன் சேராத தனிக் குடியரசு, 1798-இல்தான் இணைந்தது. ஆகவே தடை அதைத் தீண்டவில்லை. நம் கடற்கரை ஊர்களின் சாயக்காரர்கள் கைப்பட வரைந்ததை மரஅச்சில் பெயர்த்தெடுத்துப் பணக்கார நகரமாயிற்று. பின்னாளில் பிரான்ஸின் மான்செஸ்டர் என்று பெயரும் பெற்றது. நம் கதையின் கார்கள் அனைத்தும் இந்த நூலிலிருந்து வந்த பணத்தில் வாங்கப்பட்டவை.

ஹான்ஸ் ஷ்லும்ப், ஃப்ரிட்ஸ் ஷ்லும்ப் இருவரும் சகோதரர்கள். இத்தாலியில் பிறந்த சுவிஸ் குடிமக்கள். தந்தை இறந்தபின் தாய் ழான் அவர்களைத் தன் சொந்த ஊரான முலூஸுக்கு அழைத்து வந்து வளர்த்தார். 1930களில் கம்பளி வணிகத்தில் இறங்கி, படிப்படியாக ஆலைகளை வாங்கினார்கள். தூர் பள்ளத்தாக்கின் மால்மெர்ஸ்பாக் ஆலை அவற்றுள் முக்கியமானது. ஹான்ஸ் கணக்கு பார்ப்பவர். ஃப்ரிட்ஸின் ஆசை வேறிடத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பே அவர் ஒரு புகாட்டி 35பி வைத்திருந்தார்.

புகாட்டி பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். எத்தோரே புகாட்டி மிலானில் பிறந்து அல்சேஸின் மோல்சைமில் ஆலை அமைத்தவர். கலைஞர்களின் குடும்பம், தந்தை மரச்சாமான் வடிவமைப்பாளர், தம்பி ரெம்பிராண்ட் விலங்குகளை வார்த்த சிற்பி. 1924-இல் லியோன் பந்தயத்தில் முதன்முதல் தோன்றிய 35 வகைக் கார் அந்தக் குடும்பத்தின் கண்ணைக் காட்டும் பொருள். எட்டு சிலிண்டர், இரண்டு லிட்டருக்குச் சற்றே குறைவான எஞ்சின். முன் அச்சு உள்ளீடற்றது. வில்தகடுகள் அதற்கு மேலோ கீழோ கட்டப்படாமல் அச்சிலேயே விடப்பட்ட துளை வழியாக நுழைந்து செல்லும். சக்கரமும் பிரேக் டிரம்மும் ஒரே அலுமினிய வார்ப்பு. எஞ்சினின் பரப்புகளைக் கையால் சுரண்டிச் சுரண்டிச் சமன்செய்வார்கள். இரண்டு பகுதிகளுக்கு நடுவே அட்டை வைக்காமலே எண்ணெய் கசியாது என்னுமளவுக்கு. இப்படிப்பட்ட காரைச் சீர்செய்வது உதிரிபாகம் வாங்கி மாட்டுகிற வேலையல்ல. முதலில் செய்தவனின் கை அறிந்ததை இன்னொரு கை மறுபடி கற்றாக வேண்டும்.

அந்தக் கைகளை ஃப்ரிட்ஸ் திரட்டினார். முலூஸில் வாங்கிய பழைய நூற்பாலை ஒன்றின் பகுதியைப் பட்டறையாக்கி, தச்சர், தோல்வேலைக்காரர், மெக்கானிக் என நாற்பது பேர் வரை அமர்த்தினார். உள்ளே நடப்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. பிரிட்டனில் தொகுக்கப்பட்ட புகாட்டி உரிமையாளர் பதிவேட்டை வைத்துக்கொண்டு, ஊர் ஊராக உள்ளவர்களுக்கு விலைக்குக் கேட்டுக் கடிதம் எழுதினார். 1960களின் தொடக்கத்தில் புகாட்டி என்பது பலருக்குக் கொட்டகையை அடைத்துக்கொண்டிருக்கும் பழைய வண்டி. ஓட்ட ஆசை, பராமரிக்க வசதியில்லை, மனைவியின் முணுமுணுப்பு வேறு. அந்நேரத்தில் ரொக்க விலை சொல்லி ஒரு கடிதம் வந்து விழுந்தால்? அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே எடுத்த சிறிய முடிவுகளின் கூட்டுத்தொகைதான் முலூஸ். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஜான் ஷேக்ஸ்பியர் என்பவர் முப்பது புகாட்டிகள் வைத்திருந்தார். நீண்ட பேரத்துக்குப் பின் 1964-இல் அனைத்தையும் 85,000 டாலருக்குக் கொடுத்தார். அந்த முப்பதில் ஒன்று, உலகிலேயே மொத்தம் ஆறு மட்டுமே எஞ்சியுள்ள ராயல் வகை. அதே காலத்தில் மோல்சைம் ஆலையின் கையிருப்பும் ஃப்ரிட்ஸிடம் வந்தது. எத்தோரே தனக்கென வைத்திருந்த ராயல் அதில் அடக்கம். ஆறில் இரண்டு இப்படி ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தன.

ஃப்ரிட்ஸ் விற்க அறியாதவர். சேகரிப்பவனுக்கும் கஞ்சனுக்கும் இடையே உள்ள கோடு மெல்லியது என்பார்கள். இவர் கோட்டின் மேலேயே வீடு கட்டியவர். பாரிஸின் மூன்றாம் அலெக்சாந்தர் பாலத்து விளக்குக் கம்பங்களைப் போலவே நூற்றுக்கணக்கில் வார்க்கச் செய்து, ஆலைக்கூடத்தில் வீதி அமைத்து, வண்டிகளை வரிசையாக நிறுத்தினார். தாயின் நினைவுக்கு அதைப் படைத்தார். ஊராருக்குத் திறக்கவில்லை.

1970களில் ஐரோப்பியத் துணித் தொழில் சரிந்தது. ஆசியாவிலிருந்து மலிவான துணி வந்தது ஒரு காரணம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் முலூஸ் நமக்குச் செய்ததை நினைத்தால் இதில் ஒரு கசப்பான நகைச்சுவை உண்டு. 1976-இல் ஆலைகளை விற்கத் தொடங்கினார்கள். ஆட்குறைப்பு வந்தது, வேலைநிறுத்தம் வந்தது, கூலி நின்றது. சகோதரர்கள் எல்லையைத் தாண்டி முப்பது கிலோமீட்டரில் இருக்கும் பாசல் நகருக்குப் போய்விட்டார்கள். சுவிஸ் குடிமக்களைத் திருப்பி அனுப்ப சுவிட்சர்லாந்துக்குக் கட்டாயமில்லை.

1977 மார்ச் 7 அன்று சி.எஃப்.டி.டி. தொழிற்சங்கத்தார் முலூஸ் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். வருடக்கணக்கில் வதந்தியாக இருந்ததை அன்று கண்ணால் கண்டார்கள். விளக்குக் கம்பங்களின் கீழே வரிசை வரிசையாக மினுங்கும் பந்தய நீலம். தங்கள் கூலி எங்கே போயிற்று என்று ஊகித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது எந்த வடிவம் எடுத்து நிற்கிறது என்று தெரிந்த கணம் அது. கோபத்தில் ஒரே ஒரு வண்டியை எரித்தார்கள். எரிந்தது புகாட்டி அல்ல. சீர்செய்யப்படாத ஓர் ஆஸ்டின் 7. ஆங்கிலேய நடுத்தர வர்க்கத்தைக் காரில் ஏற்றிய எளிய, மலிவு வண்டி. சினத்தின் நடுவிலும் எதை எரிக்கக்கூடாது என்று யாரோ அறிந்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. மதிப்புள்ளதை விட்டு எளியதை எரித்தது அரசியலில் வழக்கமானதுதானே என்று ஒரு நண்பர் சொன்னார். அதையும் மறுக்கமுடியவில்லை.

அவர்களுக்கு முன்மாதிரி ஒன்று அருகிலேயே இருந்தது. 1973-இல் பெசான்ஸோன் நகரின் லிப் கடிகார ஆலைத் தொழிலாளர்கள், ஆலை மூடப்படும் என்று அறிந்ததும் கடிகார இருப்பைக் கைப்பற்றித் தாங்களே விற்றுக் கூலி எடுத்துக்கொண்டார்கள். முலூஸ்காரர்கள் ஏன் அதைச் செய்யவில்லை? கடிகாரம் விற்பதற்கென்றே செய்யப்பட்டது. செய்தவனே விற்றான், ஊர் அதை நியாயம் என்றது. ராயலை யார் வாங்குவார், எந்தப் பத்திரத்தின் பேரில்? விற்ற மறுநாளே அது திருட்டாகிவிடும். முழுத் தொகுப்பாக நிற்கும்வரை அது பிணை. பிரித்தால் வெறும் உலோகச் சரக்கு. இந்தக் கணக்கு அவர்களுக்குப் பிடிபட்டிருக்கவேண்டும். கட்டடத்துக்குத் 'தொழிலாளர் ஆலை' என்று பெயரிட்டு, கதவைத் திறந்து ஊரை உள்ளே விட்டார்கள். இரண்டு ஆண்டுகள் அப்படி வைத்திருந்தார்கள். ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் வந்து பார்த்தார்களாம். ஃப்ரிட்ஸ் தன் வாழ்நாளில் செய்யாத திறப்புவிழாவை அவரிடம் கூலி பெறாதவர்கள் நடத்தினார்கள். துடைத்தும் காவல் காத்தும் வந்த அந்த இரண்டு ஆண்டுகளில், வண்டிகள் மீது அவர்களுக்கும் ஒருவகை உரிமை, ஏன், வாஞ்சை ஏற்பட்டிருக்காதா? பட்டறையில் அவற்றைச் சீர்செய்த நாற்பது பேரும் கூலிக்காரர்கள்தாம்.

கடன்காரர்களுக்கு வாஞ்சை கிடையாது. ஏலத்தில் விடு, அமெரிக்கர்கள் வாங்குவார்கள், கடன் தீரும் என்பது அவர்கள் தரப்பு. நியாயமான தரப்புதான். பட்டினி கிடக்கும் குடும்பத்தின் முன் பழைய கார்களைப் பாரம்பரியம் என்று பேசுவது கூச்சத்துக்குரியது. ஆனால் 1978-இல் பிரான்ஸின் உச்ச நிர்வாக மன்றம் இத்தொகுப்பை வரலாற்றுச் சின்னமாக வகைப்படுத்தியது. தேவாலயத்துக்கும் கோட்டைக்கும் உரிய தகுதி கார்களுக்குக் கிடைத்தது. இனி நாட்டைவிட்டு எடுத்துச் செல்லவோ பிரித்து விற்கவோ முடியாது. 1979-இல் திவால் பொறுப்பாளர் கட்டடத்தை மூட உத்தரவிட்டார். 1981-இல் நகராட்சி, மாவட்டம், அல்சேஸ் பிராந்தியம், பாரிஸ் கார் மன்றம், பன்ஹார் நிறுவனம் முதலானோர் சேர்ந்த சங்கம் கார்களையும் கட்டடத்தையும் நிலத்தையும் 44 மில்லியன் பிராங்குக்கு வாங்கியது. 1982-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

44 மில்லியன் என்றால் என்ன என்று அறிய ஆறு ஆண்டுகள் காத்திருந்தால் போதும். 1987 நவம்பரில் லண்டனில் வேறொரு ராயல் ஏலத்துக்கு வந்து 55 லட்சம் பவுண்டுக்குப் போயிற்று. அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 55 மில்லியன் பிராங்க். ஒரே வண்டி முலூஸ் முழுவதையும் விஞ்சிவிட்டது! அந்த ராயலை 1950-இல் புகாட்டி குடும்பம் அமெரிக்கரான பிரிக்ஸ் கன்னிங்ஹாமுக்குச் சிறுதொகைக்கும் குளிர்பதனப் பெட்டிகளுக்கும் கொடுத்ததாகச் சொல்வார்கள். போருக்குப்பின் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக்குக் குளிர்பதனப் பெட்டி என்னவாக இருந்திருக்கும் என்று தெரியாமல் அதைப் பார்த்துச் சிரிப்பது சரியல்ல.

ஏற்றுமதியைத் தடுத்தது சரி. விலையைத் தாழ்த்தியது சரியல்ல என்பது என் கருத்து. வாங்குபவரை உள்நாட்டுக்குள் அடைத்துவிட்டால் சந்தை விலை கிடைக்காது. அந்தக் குறைவை யார் சுமந்தார்கள்? திவால் கணக்கில் பணத்துக்காக நின்றவர்கள். பொதுச்சொத்து வேண்டுமென்று விரும்பிய அரசு அதன் விலையைப் பொதுப்பணத்திலிருந்து கொடுத்திருக்கவேண்டும். இரண்டு ராயல்களில் ஒன்றையாவது வெளியே விற்க அனுமதித்திருக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. 2022-இல் மெர்சிடஸ் நிறுவனம் தன்னிடமிருந்த இரண்டு ஊலன்ஹவுட் கூப்பே கார்களில் ஒன்றை 135 மில்லியன் யூரோவுக்கு விற்று, அந்தப் பணத்தைக் கல்வி உதவித்தொகைக்கு ஒதுக்கியது. மற்றொன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் செழிப்பான நிறுவனம் தானே முன்வந்து விற்பதும், ஆயிரம் கைகள் பற்றி இழுக்கும்போது விற்பதும் ஒன்றல்ல. ஒன்றை விடுவித்திருந்தால் அடுத்ததை நிறுத்தியிருக்க முடியுமா?

ஹான்ஸ் 1989-இலும் ஃப்ரிட்ஸ் 1992-இலும் இறந்தார்கள். கடைசிவரை வழக்காடினார்கள், தங்கள் சொத்து பறிக்கப்பட்டது என்றே நம்பினார்கள். அருங்காட்சியகத்தின் பெயரில் இப்போது ஷ்லும்ப் தொகுப்பு என்ற சொற்களும் உண்டு.

வகைப்படுத்தலுக்கு வெளியே நின்றவை 62 வண்டிகள். பட்டறையின் கை படாமல் மால்மெர்ஸ்பாக்கில் தூசி படிந்து கிடந்தவை. நீதிமன்றம் அவை ஃப்ரிட்ஸின் மனைவிக்கு உரியவை என்றது. கைமாறி 2008-இல் கலிபோர்னியாவின் பீட்டர் மல்லினிடம் சேர்ந்தன. அவர் தன் அருங்காட்சியகத்தில் அவற்றுள் பலவற்றைத் துருவும் கிழிந்த இருக்கையுமாக, சீர்செய்யாமலே காட்சிக்கு வைத்தார். மல்லின் 2023-இல் இறந்தார். 2024 பிப்ரவரியில் அந்த அருங்காட்சியகம் மூடப்பட்டது. அதன் வண்டிகள் பல அவ்வாண்டே ஏலத்துக்குப் போயின.