கல்லூரிச் சேர்க்கையிலிருந்து விலகல்

கல்லூரிச் சேர்க்கையிலிருந்து விலகல் என்பது, ஒரு கல்லூரி அளித்த இடத்தை ஏற்றுக் கட்டணம் செலுத்திய மாணவர், பின்னர் மனம் மாறி அவ்விடத்தைக் கைவிடுவதைக் குறிக்கும். வேறிடத்தில் விரும்பிய பாடம் கிடைப்பது இதற்குப் பொதுவான காரணமாகும்.

இந்தியாவில், கட்டண இழப்பும் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தம்மிடமே வைத்துக்கொள்வதும் விலக விரும்புவோருக்குத் தடைகளாக இருந்தன. இவற்றைக் களையப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது.

கட்டணம் திருப்பியளித்தல்

அவ்வறிவிக்கையின்படி திருப்பியளிக்க வேண்டிய விழுக்காடு, சேர்க்கையின் இறுதி நாளைப் பொறுத்தது:

* 15 நாட்களோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் – 100
* இறுதி நாளுக்கு முந்தைய 15 நாட்களுக்குள் – 90
* இறுதி நாளுக்குப் பிந்தைய 15 நாட்களுக்குள் – 80
* அதன்பின் 30ஆம் நாள் வரை – 50
* 30 நாட்கள் கடந்தபின் – 0

பிந்தைய சில கல்வியாண்டுகளுக்குக் குழு தனியே காலக்கெடு அறிவித்தது. 2022-23இல், அக்டோபர் 31 வரை விலகியோருக்கு முழுக் கட்டணமும் திருப்பித் தரப்பட வேண்டும் என்றது.

சான்றிதழ்கள்

மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் மாணவரிடம் திருப்பித் தரவேண்டும். கல்லூரி நகல்களை மட்டுமே வைத்துக்கொள்ளலாம்.