முந்திரிகை: கொடியில் பிறந்து மரத்துக்குப் போன பெயர்

பண்ருட்டிப் பக்கத்து நாற்றுப்பண்ணையில் முந்திரிக் கன்று கேட்டால், ஒட்டுக் கட்டிய மரக்கன்றை எடுத்துத் தருவார்கள். யாழ்ப்பாணத்தில் முந்திரிகைக் கன்று கேட்டால், கையில் வருவது பந்தலில் ஏறும் கொடி. கோட்டயத்தில் முந்திரித் தை என்று கேட்டாலும் கொடிதான் கிடைக்கும். மூன்று ஊரிலும் சரியான செடியைத்தான் கொடுக்கிறார்கள். ஒரே பெயர் ஓரிடத்தில் கொட்டை தரும் மரத்துக்கும் இன்னோரிடத்தில் கனி தரும் கொடிக்கும் நிற்கிறது.

இவற்றில் மூத்த உரிமை கொடிக்கு. முந்திரிகை என்றால் திராட்சை என்பதே பழைய பொருள். சமஸ்கிருதத்தில் திராட்சைக்கு த்ராக்ஷா, ம்ருத்வீகா, கோஸ்தனீ என்று பல பெயர்கள் உண்டு. ம்ருது என்றால் மென்மை. ம்ருத்வீகா மெல்லிய கனி. பாலியில் அது முத்திகா ஆயிற்று. புத்த பிக்குகள் பருகலாம் என்று விநய நூல் ஒப்புக்கொண்ட எட்டுப் பானங்களில் முத்திகாச் சாறும் ஒன்று. சிங்களத்தில் இன்றும் திராட்சைக்கு மிதி என்றே பெயர். தமிழிலும் மலையாளத்திலும் அந்தச் சொல் முந்திரிகை, முந்திரி என்று வேரூன்றியது. மலையாள விவிலியத்தில் இயேசு தம்மை ஒப்பிடுவது முந்திரிவள்ளியோடு. அதே இடத்தில் தமிழ்ப் புரோட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பு திராட்சச்செடி என்கிறது. ஒரு மொழி ம்ருத்வீகாவைப் பிடித்துக்கொண்டது, மற்றது த்ராக்ஷாவின் பக்கம் சாய்ந்தது.

ஏடுகளைவிட எனக்கு நெருக்கமான சான்று அடுக்களையில் இருக்கிறது. கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களில் கல்யாண வீட்டிலும் பண்டிகையிலும் முந்திரிக்கொத்து செய்வார்கள். பாசிப்பயற்றை வறுத்துத் திரித்து, வெல்லப் பாகும் தேங்காயும் ஏலக்காயும் சேர்த்து உருட்டி, அரிசி மாவுக் கரைசலில் தோய்த்து, இரண்டு மூன்று உருண்டைகளை ஒட்டினாற்போல் எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். இதில் முந்திரிப்பருப்பு கிடையாது. வெளியூர்க்காரர்கள் கடித்துப் பார்த்துவிட்டு, முந்திரி எங்கே என்று கேட்பார்கள். முந்திரி அதன் வடிவத்தில் இருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிய உருண்டைகள் ஒரு குலைத் திராட்சை. முந்திரிக்கொத்து என்றால் திராட்சைக் கொத்து. பேச்சுவழக்கில் பொருள் மாறிய பின்னும் பலகாரத்தின் பெயர் பழைய பொருளை அப்படியே காத்து வைத்திருக்கிறது. இவ்வளவு தெளிவான சாட்சி ஒரு சொல்லுக்குக் கிடைப்பது அபூர்வம்.

இங்கே இன்னொரு முந்திரியை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். பழைய கணக்கில் காணி என்பது 80-இல் ஒரு பங்கு, அரைக்காணி 160-இல் ஒன்று, அதில் பாதி முந்திரி, அதாவது 320-இல் ஒன்று. அந்த முந்திரியையும் 320 கூறாக்கினால் ஒரு கூறு கீழ்முந்திரி. முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில் நில அளவு இந்தப் பின்னங்களில்தான் எழுதப்பட்டது. கொட்டை நம் கரைக்கு வருவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே புழங்கிய கணக்கு இது. இரண்டையும் இணைக்க வழியில்லை.

கொட்டை வந்த கதைக்கு வருவோம். மரத்தின் தாயகம் பிரேசிலின் வடகிழக்குக் கரை. அங்கே துப்பி மொழி பேசிய மக்கள் அதை அகஜு என்றார்கள். போர்த்துகீசியர் அதைக் கஜு ஆக்கினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அவர்கள் கப்பலில் மரம் மேற்குக் கரைக்கு வந்தது. கோவாவில் இருந்துகொண்டு இந்திய மூலிகைகளைப் பற்றி விரிவாக எழுதிய கார்சியா த ஓர்த்தாவின் 1563-ஆம் ஆண்டு நூலில் கஜு இல்லை. 1578-இல் கிறிஸ்தோவாவ் த கோஸ்தாவின் நூல் வந்தபோது கொச்சி சாந்தா குரூசுத் தோட்டங்களில் அது நிற்கிறது. அடுத்த நூற்றாண்டில் வான் ரீடு தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் அதைக் கப்பமாவா என்று பதிந்தது.

உள்ளூர்ப் பெயரில்லாமல் வந்து இறங்கிய மரத்துக்கு ஒவ்வொரு ஊரும் தன் கண்ணுக்குப் பட்டதை வைத்துப் பெயரிட்டது. மலையாளிகள் இலையையும் கிளையையும் பார்த்து மா என்றார்கள்: கப்பலில் வந்ததால் கப்பல்மாவு, பறங்கியர் கொண்டுவந்ததால் பறங்கிமாவு, அவர்கள் சொன்ன பெயரையே ஒட்டிக் கசுமாவு. மாவும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம் என்று பின்னால் அறிவியல் சொன்னது. மலபார்க்காரர்கள் அதைக் கண்ணாலேயே கண்டுவிட்டார்கள். தெலுங்கர்கள் ஜீடி மாமிடி என்றார்கள். ஜீடி என்பது நம் சேராங்கொட்டை. வண்ணார் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய, மேலே பட்டால் புண்ணாக்கும் கரிய பால் கொண்ட கொட்டை அது. முந்திரி ஓட்டிலும் தோலைப் பொசுக்கும் எண்ணெய் உண்டு என்பதை அந்தப் பெயர் வாங்குகிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நாஞ்சில் நாட்டில் கொல்லாமரம், கொல்லாங்கொட்டை. உடைக்கும் ஆலைக்கு அங்கே அண்டியாபீஸ் என்று பெயர். அங்கே வேலை செய்த பெண்களின் விரல்களில் அந்த எண்ணெயின் கருப்பு ஏறியிருக்கும்.

தமிழின் பெரும்பகுதி வேறு வழியில் போனது. புதிய பொருளுக்குப் பழைய பொருளின் பெயரை ஈந்து, ஓர் அடையாளச் சொல்லையும் கூட்டியது. அதே காலத்தில் அதே அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு செடிக்கும் இப்படித்தான் நடந்தது. மிளகைப் போல் உறைத்த காய் மிளகாய் ஆயிற்று. முந்திரியில், கனியும் சாறும் தரும் மரம் என்பதால், சாற்றுக்குப் பேர்போன கொடியின் பெயர் பொருந்தியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கோவாவில் அந்தப் பழச்சாற்றைப் புளிக்கவைத்து ஃபெனி வடிக்கிறார்கள். புதியது கொட்டைமுந்திரி. இலங்கையில் மரமுந்திரிகை. முன்பு வெறும் முந்திரிகையாக இருந்தது, வேறுபடுத்திக் காட்டுவதற்காகக் கொடிமுந்திரி ஆனது. வீட்டுக்குச் சொந்தக்காரரே முன்னொட்டுப் போட்டுக்கொள்ள வேண்டி வந்தது.

அடுத்த கட்டத்தில் தமிழ்நாட்டில் முன்னொட்டு உதிர்ந்தது. மரம் மட்டும் முந்திரியாக நின்றது. கொடி திராட்சை ஆனது. ஈழத்தில் இது நடக்கவில்லை. அங்கே போர்த்துகீசியப் பெயரே கஜு, கசு என்று வழக்கில் ஊன்றியதால், கொடியின் பெயரைப் பறித்துக்கொள்ளும் தேவை மரத்துக்கு ஏற்படவில்லை. நாம் பொங்கலுக்கு முந்திரியும் திராட்சையும் நெய்யில் வறுத்துப் போடுகிறோம். யாழ்ப்பாணத்தில் அதையே கஜுவும் முந்திரிகை வற்றலும் என்பார்கள். வாணலி ஒன்றுதான், பெயர்கள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன.

தமிழ்நாட்டில் ஏன் மரத்துக்கே பெயர் நிலைத்தது? மரம் பெருகியது ஒரு காரணம். கடலூர் மாவட்டத்துச் செம்மண் மேடுகளில் முந்திரிக்காடு என்று ஒரு நிலப்பரப்பே உருவாகியது. அதைவிட வலுவான காரணம் தமிழ்க் காதிலேயே இருந்தது. முந்திரி என்று கேட்டவுடன் நமக்கு முந்து என்ற வினை நினைவுக்கு வருகிறது. பழத்துக்கு வெளியே, முன்னால் தொங்கும் கொட்டை. கேட்காத இடத்தில் முதலில் வாய் திறப்பவரை முந்திரிக்கொட்டை என்று கடிந்துகொள்கிறோம்.

சொற்பிறப்பியல் கணக்கில் இந்த விளக்கம் தவறு. மரம் வருமுன்பே சொல் இருந்தது. ஆனாலும் அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மரத்தடியில் நின்று பார்த்தால் அது உண்மை. பூ உதிர்ந்ததும் முதலில் வளர்வது கொட்டை. அது பச்சையாக முழு அளவுக்கு வந்த பிறகே அதைத் தாங்கிய காம்பு உப்பத் தொடங்கி, மஞ்சளும் சிவப்புமாகப் பழுக்கிறது. தாவரவியல்படி கொட்டைதான் உண்மையான கனி, நாம் பழம் என்பது பருத்த காம்பு. முந்திக்கொண்டு வந்தது என்று ஊரார் சொன்னது உற்றுக் கவனித்துச் சொன்ன சொல். அந்தப் பெயர் எங்கே பிறந்தது என்பதை ம்ருத்வீகா சொல்லும். ஏன் இங்கே தங்கியது என்பதை முந்து என்ற வினைதான் சொல்லும். அகராதிகள் முதலாவதை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவது குறை என்றே கருதுகிறேன்.

ஐரோப்பாவிலும் இந்த மரம் இரவல் பெயரில்தான் குடியேறியது. அனகார்டியம் என்பது இதய வடிவக் கொட்டை என்ற பொருளில் அங்கே மருந்துக் கடைகள் நம் சேராங்கொட்டைக்கு வைத்திருந்த பெயர். 1753-இல் லின்னேயசு அதை முந்திரிக்கு எடுத்துக் கொடுத்து, மேற்கத்தியது என்ற பொருளில் ஆக்சிடென்டேல் என்று சேர்த்தார். பெயரை இழந்த சேராங்கொட்டைக்குப் பிறகு அவர் மகன் செமிகார்பஸ் அனகார்டியம் என்று புதுப்பெயர் சூட்ட வேண்டியதாயிற்று. கொடிமுந்திரிக்குத் தமிழில் நேர்ந்தது சேராங்கொட்டைக்கு இலத்தீனில் நேர்ந்திருக்கிறது.

தோட்டம் போட நினைப்பவர் எந்த முந்திரியை வைப்பது? மரத்துக்கு ஏழு மீட்டர் இடைவெளி வேண்டும். மணல் நிலமோ வறண்ட செம்மண்ணோ போதும். ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும், பிறகு பெரிதாகக் கவனிப்புக் கேட்காது. ஆனால் வீட்டில் கொட்டையைச் சுட்டு உடைப்பது ஆபத்து. ஓட்டெண்ணெய் தெறித்தால் தோல் வெந்துவிடும், புகையும் கண்ணைத் தாக்கும். கொடிக்கு இடம் குறைவாகப் போதும். பன்னீர்த் திராட்சையை மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் கணக்கில் நடுகிறார்கள். ஆனால் பந்தல் வேண்டும், மார்கழி-தை வாக்கிலும் வைகாசி-ஆனி வாக்கிலும் கவாத்து வேண்டும், மழை தொடர்ந்தால் இலையில் அடிச்சாம்பல் நோய் வரும். கத்தரிக்கோலை எடுக்கத் தயங்குகிறவருக்குக் கொடி பழம் தராது. நகரத்து வீட்டுக் கொல்லையில், தினமும் செடியிடம் போய் நிற்க நேரம் உள்ளவருக்குக் கொடிமுந்திரியையே சொல்வேன். ஊரில் காலி நிலம் கிடக்கிறது, ஆண்டுக்கு இரண்டு முறைதான் போக முடியும் என்பவர் கொட்டைமுந்திரியை வைக்கட்டும். நாற்றுப்பண்ணையில் இந்த முழுப் பெயர்களையே சொல்லிக் கேளுங்கள்.