பிரேக் மிதிக்குள் ஒரு ரப்பர் மங்கு

பால் மங்கை அறியாதவர் தோட்டத்துக் குடும்பங்களில் இருக்க முடியாது. இன்று நாம் பேசப்போவது வேறொரு மங்கின் வரலாறு. அது மரத்தில் தொங்குவதன்று. மோட்டார் காரின் பிரேக் மிதிக்கு அப்பால், மாஸ்டர் சிலிண்டர் என்னும் இரும்புக் குழாய்க்குள் ஒளிந்திருப்பது. அளவில் இருபது காசு நாணயத்தை ஒத்தது. ரப்பரால் ஆன சிறு கிண்ணம். ஆனால், காரில் இருப்போரின் உயிர் அதை நம்பியிருக்கிறது.

இதை நாம் கற்றது புத்தகத்தில் அன்று. சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்களுடைய பழைய மாரிஸ் மைனர் காரில் பள்ளிப் பிள்ளைகள் மூவரை ஏற்றிக்கொண்டு பேச்சுப் போட்டிக்குப் புறப்பட்டோம். ஆயர் ஹீத்தாமிலிருந்து சிம்பாங் ரெங்கம் வழியாகத் தெற்கே போகும் பழைய பெருஞ்சாலையை அடையுமுன், ஓர் இறக்கம். சிம்பாங் என்றாலே சந்தி. அங்கே நிற்க வேண்டும். மிதித்தோம். மிதி தரைவரை போய்ப் படுத்துவிட்டது, கார் நிற்கவில்லை. கைப்பிரேக்கை மெல்ல இழுத்து, ஓரத்துப் புல்மேட்டில் ஏற்றி நிறுத்தினோம். பிள்ளைகளுக்குக் காயமில்லை. ஒரு மாதமாகவே மிதி சிறுகச் சிறுக இறங்கி வந்தது. எண்ணெய் ஊற்றிச் சமாளித்தோமே தவிர, காரணம் தேடவில்லை. பிழை எங்களுடையதே.

இனி வரலாற்றுக்கு வருவோம். முற்காலக் கார்களில் மிதிக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புக் கம்பிகளும் வடங்களுமே இருந்தன. ஒன்று தளர்ந்தால் கார் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இக்குறையைத் தீர்க்க உதவியது 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு அறிஞர் பாஸ்கல் கண்ட உண்மை. அடைபட்ட நீரை ஓரிடத்தில் அழுத்தினால், அவ்வழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாய்ப் பரவும். நீர் நிறைந்த பையில் பல இடத்தில் ஊசியால் குத்தி அமுக்கிப் பாருங்கள். எல்லாத் துளையிலும் நீர் பீறிடும்.

விமானம் கட்டிய அமெரிக்கர் மால்கம் லாக்ஹீட் இவ்வுண்மையைக் கார் பிரேக்குக்குப் பயன்படுத்தி, 1917இல் காப்புரிமை கோரினார். மிதி ஓர் உருளைத் தண்டைத் தள்ளும். தண்டு எண்ணெயை அழுத்தும். எண்ணெய் நான்கு சக்கரங்களிலும் பிரேக்கைப் பிடிக்கச் செய்யும். 1921இல் டூசன்பர்க் கார் இம்முறையை ஏற்றது. ஆனால், எண்ணெயை அடைக்கப் பயன்பட்ட தோல் கிண்ணங்கள் ஒழுகின. 1924இல் கிரைஸ்லர் காரைச் செய்த பொறியாளர்கள் தோலை நீக்கி ரப்பரை வைத்தார்கள். ஒழுக்கு அடங்கியது. நம்பிக்கை பிறந்தது. ஃபோர்டு நிறுவனமும் தன் 1939ஆம் ஆண்டுக் கார்களில் எண்ணெய்ப் பிரேக்குக்கு மாறியது.

அந்நாளில் உலகச் சந்தைக்கு ரப்பர் அனுப்பிய நாடுகளில் மலாயா முன்னணியில் நின்றது. விடியுமுன் நெற்றி விளக்கோடு பால்மரம் சீவிய நம் பாட்டன் பாட்டிமாரில் எத்தனை பேர் ஒரு காருக்குச் சொந்தக்காரராக இருந்தார்கள்? ஆயினும், அவர்கள் எடுத்த பால் எங்கோ ஒருவரைக் காத்திருக்கும்.

இன்னொரு பொருளும் நமக்குப் பழக்கமானதே. அக்காலப் பிரேக் எண்ணெயில் விளக்கெண்ணெய் சேர்ந்திருந்தது. மண்ணெண்ணெய், எஞ்சின் எண்ணெய் போன்றவை ரப்பரை ஊதிப் பெருக்கிக் கெடுத்துவிடும். ஆமணக்கிலிருந்து வரும் விளக்கெண்ணெய் அப்படிச் செய்வதில்லை. 1942இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் ரப்பர் வரவு நின்று, அமெரிக்கா செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. இன்று மங்கும் செயற்கை ரப்பர், எண்ணெயும் வேறு. ஆனால், எஞ்சின் எண்ணெயை அதில் ஊற்றக் கூடாது என்ற விதி மாறவில்லை.

எங்கள் கார் எப்படிக் கெட்டது? 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட மாரிஸ் மைனரில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. விரிப்பைத் தூக்கி மூடியைக் கழற்றினால்தான் எண்ணெயைப் பார்க்கலாம். கண்ணில் படாதது கருத்திலும் படுவதில்லை. இப்போதைய பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் நாட்டிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஈரம் சிலிண்டரின் உட்சுவரில் துருவேற்றும். துருவின் பள்ளம் மங்கின் விளிம்பை அறுக்கும். அறுந்த வழியே எண்ணெய் பின்வாங்க, மிதி இறங்கும்.

பட்டறைக்காரர் அறுந்த மங்கை எங்கள் உள்ளங்கையில் வைத்துச் சொன்னார்: “மங்கை மட்டும் மாத்துனா பத்தாது வாத்தியாரே. சொவரே அரிச்சுப் போச்சு, புதுசும் அறுந்துரும்.” சிலிண்டரையே மாற்றினார். பிறகு ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து மூட, குழாய்களிலிருந்த காற்றை வெளியேற்றினார்கள். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. குமிழி இருந்தால் மிதி பஞ்சுபோல் அமுங்கும்.

எங்கள் காரில் சிலிண்டருக்கு ஒரே அறை. அது கெட்டால் நான்கு சக்கரமும் கைவிடும். வடத்தால் இயங்கும் கைப்பிரேக்குதான் அன்று எங்களைக் காத்தது. இந்த ஆபத்தை உணர்ந்தே, 1968 முதல் அமெரிக்காவில் புதிய கார்களுக்கு ஒரு விதி வந்தது: ஒரு பகுதியில் எண்ணெய் ஒழுகினாலும் மற்றொரு பகுதி காரை நிறுத்த வேண்டும். இரண்டறைச் சிலிண்டர் பொதுவழக்கானது.

நேயர்களே, உங்கள் வீட்டில் பழைய கார் இருந்தால், நின்ற நிலையில் மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அது மெல்ல இறங்கினால், எண்ணெய் ஊற்றிக் காலம் கடத்தாமல் பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள். மங்கு அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளை மாற்ற முடியாது.