இன்னும் அரைக் கரண்டி

1852. டமாஸ்கஸில் ஒரு ஹோட்டல் அறை. அமெரிக்கப் பயண எழுத்தாளர் பேயார்ட் டெய்லரும் நண்பர்கள் சிலரும் ஆளுக்கு ஒரு தேக்கரண்டி ஹஷீஷ் லேகியத்தை விழுங்கினார்கள். சர்க்கரையும் வாசனைச் சரக்கும் சேர்த்தது, ஆனாலும் கசந்தது. ஒரு மணி நேரம் ஆச்சு, ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் ஏமாற்று வேலை என்றார் நண்பர். இன்னும் அரைக் கரண்டி போடலாம் என்றார் டெய்லர். சரியான அளவு எது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அப்புறம்தான் ஆரம்பித்தது. நண்பர் தன்னை ரயில் இன்ஜின் என்று நினைத்து மணிக்கணக்கில் அறைக்குள் நடந்தார். டெய்லருக்கு முதலில் சொர்க்கம், பிறகு தொண்டை வறண்டு சாவு பயம். தான் விழுங்கியது ஆறு பேருக்கான அளவு என்பது அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1854இல் வெளியான புத்தகத்தில் இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார்.

ரயில் டிக்கெட் எடுக்கும்போது பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் என்ன செய்கிறோம்? பொறுமை போய் மறுபடி பட்டனை அழுத்துகிறோம். பணம் இரண்டு முறை போய்விடுகிறது. முதல் அழுத்தம் வேலை செய்யாமல் இல்லை, பதில் வரத் தாமதம், அவ்வளவுதான். டெய்லர் செய்ததும் இதே தப்பு.

புகைத்தால் கஞ்சா நுரையீரல் வழியாக நிமிடங்களில் மூளைக்குப் போகும். தின்றால் குடலைத் தாண்டிக் கல்லீரலுக்குப் போக வேண்டும். அங்கே டி.எச்.சி.யின் ஒரு பகுதி இன்னொரு போதைப் பொருளாக மாறி ரத்தத்தில் கலக்கும். போதை தெரியவே அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகலாம், உச்சம் தொட அதற்கும் மேல். டி.எச்.சி.யையே ரபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் 1964இல்தான் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். டெய்லருக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை.

ஆனால் அவருக்கு முன்பே ஒருவர் கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்திருக்கிறார். 1669 முதல் 1679 வரை வங்காள விரிகுடாக் கரைகளில் வியாபாரம் செய்த தாமஸ் பவ்ரி என்ற ஆங்கில மாலுமி. எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து கடைத்தெருவில் பாங்கு வாங்கினார்கள். கலந்து கொடுக்க, தினமும் குடித்துப் பழகிய ஒரு பக்கிரியைக் கூப்பிட்டார்கள். யாரும் தெருவுக்கு ஓடிவிடக் கூடாதென்று கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினார்கள். ஒருவர் மதியம் முழுக்க அழுதார். ஒருவர் பெரிய ஜாடிக்குள் தலையை விட்டுக்கொண்டு நாலு மணி நேரம் இருந்தார். ஒருவர் தூணோடு சண்டை போட்டு விரல் முட்டியில் தோல் உரிந்தது. ஆனால் சேதம் அத்தோடு நின்றது.

அந்தக் கதவு எவ்வளவு முக்கியம் என்பது 2014இல் தெரிந்தது. அந்த ஜனவரியில்தான் கொலராடோவில் கடை விற்பனை தொடங்கியிருந்தது. மார்ச்சில் 19 வயது மாணவர் ஒருவர் நண்பர்களோடு டென்வருக்கு வந்தார். மூத்த நண்பர் ஒருவர் ஒரு குக்கீ வாங்கினார். அதில் 65 மில்லிகிராம் டி.எச்.சி. ஆறில் ஒரு பங்கு போதும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மாணவர் முதலில் ஒரு துண்டுதான் தின்றார். அரை மணி, ஒரு மணி ஆகியும் ஒன்றும் தெரியவில்லை. மிச்சத்தையும் தின்றார். இரண்டரை மணி நேரம் கழித்து நான்காம் மாடி பால்கனியிலிருந்து குதித்து இறந்தார்.

டெய்லரின் அரைக் கரண்டியேதான். 160 வருஷத்தில் தப்பு மாறவில்லை.

அதற்குப் பிறகு கொலராடோ ஒவ்வொரு 10 மில்லிகிராமையும் தனியாகப் பொதியவோ, பிரித்தெடுக்கக் கோடு போடவோ சொன்னது. பவ்ரிக்குப் பக்கிரி செய்த வேலையை இன்று அந்தக் கோடு செய்கிறது. ஆனால் கோடு பொறுமையைத் தராது. சட்டம் அனுமதிக்கும் ஊரில், உரிமம் பெற்ற கடையில் வாங்குபவருக்கும் விதி எளிது: கால் அல்லது அரைத் துண்டு, குறைந்தது இரண்டு மணி நேரம் காத்திருப்பு, மது கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, தெளிவாக இருக்கும் ஒருவர் பக்கத்தில் வேண்டும். மிச்சத்தைப் பெட்டியில் போட்டு எல்லை தாண்டக் கூடாது. சிங்கப்பூர்க் குடிமக்கள் என்றால் வெளிநாட்டில் தின்பதே குற்றம்.

உள்ளூர்க்காரருக்கு நாளைக்கும் நேரம் இருக்கிறது. பயணிக்கு இன்று ஒரு ராத்திரிதான். அந்த அவசரம்தான் இரண்டாம் கரண்டியை எடுக்க வைக்கிறது.