வேப்பேரியிலிருந்து திண்டிவனத்துக்கு: கால்நடை அறிவியல் முதுநிலைப் படிப்பு வந்த வழி

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்ற சொல் மக்கள் வாயில் தேய்ந்து அப்படி ஆனது. அறுவடை முடிந்ததும் காய் மண்டிக்குப் போகும், கொடி மாட்டுக்குப் போகும். காய்ந்த மல்லாட்டைக் கொடியைப் போர் போட்டு வைத்துக் கோடையில் கறவைக்கு எவ்வளவு போடலாம், வைக்கோலோடு எந்த அளவில் கலக்கலாம், எந்தக் கிடாவை மந்தையில் நிறுத்தி எதை விற்கலாம் என்பவை இங்குள்ள குடியானவர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பேசப்படும் கேள்விகள். இன்று இவை முதுநிலை ஆய்வேட்டுக்குரிய கேள்விகள். விலங்கின ஊட்டச்சத்தியல், விலங்கின மரபியல், கால்நடை உற்பத்தி மேலாண்மை என்று தனித்தனித் துறைகள் இவற்றுக்கு உண்டு. ஆனால் கல்வி நிறுவனங்கள் இவற்றைக் கல்வியாக ஏற்க நெடுங்காலம் பிடித்தது. அந்தத் தாமதத்தின் வரலாற்றைப் பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னை மாகாணத்தில் கால்நடைக் கல்வி பிறந்தது நோயின் அச்சத்தில். 1866ஆம் ஆண்டிலேயே மாகாண அரசு கால்நடை நோய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஹாலன் தலைமையில் அமைந்த இந்தியக் கால்நடைக் கொள்ளைநோய் ஆணையம் 1871இல் அறிக்கை தந்தது. வெக்கை நோய் ஒரு முறை ஊருக்குள் புகுந்தால் தொழுவங்கள் வெறிச்சோடிப் போன காலம் அது. உழவு மாடு செத்தால் அந்த ஆண்டின் நடவும் செத்தது, நிலவரியும் நின்றது. ஆகவே அரசுக்கு முதலில் தேவைப்பட்டவர் மாட்டைக் காப்பாற்றும் வைத்தியர். மாட்டை வளர்ப்பது எப்படி என்பது குடியானவருக்குத் தெரிந்த விஷயம் என்றே விட்டுவிட்டார்கள்.

1868இல் சைதாப்பேட்டையில் தோன்றிய வேளாண் பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது. அதற்குள் சென்னையில் கால்நடை மருத்துவத்துக்கென்று தனி வீடு அமைந்துவிட்டது. 1903இல் வேப்பேரியில் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் 20 மாணவர்களுடன் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. லாகூர் (1882), பம்பாய் (1886), கல்கத்தா (1893) ஆகிய ஊர்களுக்குப் பிறகு சென்னை. இங்கே படித்து முடித்தவர்களுக்கு ஜி.எம்.வி.சி. என்ற பட்டயம் கிடைத்தது. 1935இல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் வந்த முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இதுவே. பட்டயம் பட்டமானது. மாட்டு வைத்தியம் பல்கலைக்கழகப் படிப்பாவதற்கு, 1866இன் சட்டத்திலிருந்து கணக்கிட்டால், ஏறத்தாழ 70 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

இந்த வரலாற்றை எழுதுபவர்கள் வேப்பேரியை மட்டும் பார்த்துவிட்டு ஒசூரை விட்டுவிடுகிறார்கள். அது பெரிய குறை. 1824இல் ராணுவக் குதிரைகளுக்காக அமைந்த ஒசூர்ப் பண்ணை 1924இல் மாகாணத்தின் கால்நடைப் பண்ணையானது. அங்கே நடந்த வேலை இனப்பெருக்கம், தீவனம், பொலிகாளை வளர்ப்பு. அதைக் கவனித்தது வேளாண்மைத் துறை. 1936இல் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி விரிவான நூலை எழுதிய லிட்டில்வுட் ஒசூரில் பணிபுரிந்த வேளாண் அதிகாரி. ஆக, குணப்படுத்தும் அறிவு வேப்பேரியிலும், வளர்க்கும் அறிவு ஒசூரிலும் இரண்டு துறைகளின் கீழ் பிரிந்து கிடந்தன. இன்றைய கால்நடை அறிவியல் முதுநிலைப் படிப்பு இந்த இரண்டு ஓடைகளும் கலந்த இடம் என்றே நான் கருதுகிறேன். அப்படிப் பார்த்தால்தான் அந்தப் படிப்பின் இன்றைய இயல்புகள் பல விளங்கும்.

கலப்புக்கான தூண்டுதல் பெருமளவு வெளியிலிருந்து வந்தது. லின்லித்கோ தலைமையிலான வேளாண்மைக்கான அரச ஆணையம் 1928இல் தந்த அறிக்கை, மாடுகளின் எண்ணிக்கை பெருகத் தீவனம் குறைகிறது, தீவனம் குறைய மாடு மெலிகிறது, மெலிந்த மாட்டால் வேலை ஆகாததால் இன்னும் அதிக மாடு வளர்க்கிறார்கள் என்ற சுழலைச் சுட்டிக்காட்டியது. இதற்கு மருந்துப்பெட்டி பதிலாகாது. ஆணையத்தின் பரிந்துரையால் 1929இல் வேளாண் ஆராய்ச்சிக்கான நடுவண் கழகம் அமைந்தது. கால்நடை வளர்ப்பும் அதன் பொறுப்பில் வந்தது. பெங்களூரில் 1923 முதல் கால்நடை வளர்ப்புக்கும் பால்பண்ணைத் தொழிலுக்குமான நிறுவனம் இயங்கி வந்தது. 1927இல் உடல்நலம் தேற அந்நகரில் தங்கியிருந்த காந்தி அங்கே சென்று பால்பண்ணைப் பாடம் கற்றார். பசுவைக் காப்பது என்றால் அதை வளர்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு இதைவிடப் பெரிய ஒப்புதல் அந்நாளில் கிடைத்திருக்க முடியாது.

விடுதலைக்குப் பின் மாற்றம் விரைந்தது. 1958இல் இசட்நகரில் உள்ள இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஆக்ரா பல்கலைக்கழகத்தோடு இணைந்த முதுநிலைக் கல்லூரியைத் தொடங்கியது. கல்லூரிக்கு வைத்த பெயரைக் கவனிக்க வேண்டும்: விலங்கின அறிவியல்களுக்கான முதுநிலைக் கல்லூரி. மருத்துவம் என்ற சொல் பெயர்ப்பலகையிலிருந்து விலகி நின்றது. தமிழ்நாட்டில் 1971இல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1976இல் வேப்பேரிக் கல்லூரி அதன் குடைக்குள் வந்தது. அமெரிக்க மாநில வேளாண் பல்கலைக்கழகங்களை முன்மாதிரியாகக் கொண்ட பருவமுறை, மதிப்பலகு, ஆலோசனைக் குழு, ஆய்வேடு ஆகியவை முதுநிலை மாணவரின் அன்றாடமாயின. பயிர் ஆய்வாளரும் கால்நடை ஆய்வாளரும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்த அந்தப் பதின்மூன்று ஆண்டுகளைப் பற்றி நம்மிடம் போதிய எழுத்து இல்லை. 1989 செப்டம்பர் 20இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தனியே பிரிந்தது. இத்துறைக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் பல்கலைக்கழகம் அது. பிரிவால் துறை வளர்ந்தது உண்மை. ஆனால் மல்லாட்டைக் கொடியைப் போல வயலுக்கும் தொழுவத்துக்கும் பொதுவான பொருள்கள் இரண்டு பல்கலைக்கழகங்களின் எல்லையில் மாட்டிக்கொண்டன.

இதற்குத் திண்டிவனமே சான்று. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த நிலக்கடலை வகைகள் டி.எம்.வி. என்ற முன்னொட்டோடு நாடு முழுக்கப் போயின. 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 பல மாநிலங்களில் பல பத்தாண்டுகள் நின்று விளைந்தது. டி.எம்.வி. என்றால் திண்டிவனம். பயிர் அறிவியல் இந்த ஊருக்கு வந்து, ஊரின் பெயரையே தன் விதைக்குச் சூட்டிக்கொண்டது. கால்நடை அறிவியலுக்கு அப்படி ஒரு பெயர் இந்த மண்ணில் கிடைக்கவில்லை. இங்கேயே நூற்றாண்டுகளாக மேய்ந்து வந்த செம்மறி இனத்துக்குக்கூட அறிவியல் உலகம் இட்ட பெயர் மெட்ராஸ் ரெட், அதாவது சென்னைச் சிவப்பு.

அந்த ஆட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டில் தொடங்கி விழுப்புரம், கடலூர் வரை பரவிய இனம் இது. உடலில் கம்பளி இல்லை, குட்டையான முடிதான். நிறம் செம்மண்ணின் பல சாயல்களில் வரும்; சிலவற்றுக்கு நெற்றியிலும் தொடையின் உட்புறத்திலும் வெண்மை தெரியும். கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. இறைச்சிக்காகவும், அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு எருவுக்காகவும் வளர்க்கிறார்கள். இந்த இனத்தை மேம்படுத்தும் பணி தேசியச் செம்மறி மேம்பாட்டு வலைத்திட்டத்தின் கீழ் காட்டுப்பாக்கத்தை மையமாகக் கொண்டு நடக்கிறது. சென்னையிலிருந்து திண்டிவனம் வரும் பெருஞ்சாலையில், செங்கல்பட்டுக்கு முன்னால் இருக்கிறது காட்டுப்பாக்கம். கால்நடை ஆராய்ச்சி நிலையமாக இருந்த அது இன்று விலங்கின அறிவியல் முதுநிலை ஆராய்ச்சி நிலையம். இத்திட்டத்தின் சிறப்பு, ஆய்வு பண்ணை வேலிக்குள் முடங்காமல் உழவரின் மந்தைகளிலேயே நடப்பது. குட்டி பிறந்த எடை, பால்குடி மறந்தபோது எடை, ஆறு மாதத்தில் எடை, ஓராண்டில் எடை என்று குறித்துவைத்து, தேறிய கிடாக்களை மந்தைகளுக்குத் திருப்பித் தருகிறார்கள். மந்தைக்காரரின் கண்ணும் மாணவரின் தராசும் ஒரே ஆட்டின் மேல் படுகின்றன. வேப்பேரி, ஒசூர் என்று பிரிந்து கிடந்த அறிவு உண்மையிலேயே கூடிய இடம் இப்படிப்பட்ட மந்தைதான் என்பேன்.

மாட்டின் கதை வேறு. சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு பிரீசியன் என்பது தமிழ்நாட்டின் கலப்பினக் கொள்கை. கூட்டுறவுப் பால் சங்கங்கள் ஊர்தோறும் பரவியபின் விழுப்புரம் பகுதித் தொழுவங்களிலும் கலப்பினக் கறவை நிறைந்தது. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர் போலப் பெயர் பெற்ற இனம் எதுவும் இங்கே இல்லை. பெயரில்லாத நாட்டுமாட்டுக்கு வழக்காடவும் ஆளில்லை. அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் மறைந்து வருகிறது. பெயர் இருந்தால்தான் ஆய்வுப்பொருள் ஆக முடியும் என்ற பழக்கம் இத்துறையின் பெரிய பலவீனம்.

இன்று இந்தப் படிப்பை நாடும் மாணவர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் எம்.வி.எஸ்சி. பட்டத்துக்குக் கால்நடை மருத்துவ இளநிலைப் பட்டமே வாசல். விலங்கியலோ வேளாண்மையோ படித்தவர் அதில் சேர முடியாது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டம் தொழிலுக்குத் தரக்கட்டுப்பாடு தந்தது, அதே சமயம் இந்த வாசலை உறுதியாக்கியது. ஒசூர் மரபு வேப்பேரி மரபுக்குள் கரைந்ததன் விளைவு இது. நோய் அறியாதவர் வளர்ப்பை ஆராயக் கூடாது என்பதில் நியாயம் உண்டு. தீவனப் பயிரை அறிந்த வேளாண் பட்டதாரியும் ஊட்டச்சத்தியல் ஆய்வில் இடம் பெறலாம் என்பதிலும் நியாயம் உண்டு. வட இந்தியாவில் வேளாண் பட்டதாரிகளுக்குக் கால்நடை வளர்ப்பில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது.

இளநிலைக்கான வழி இப்போது அகன்றிருக்கிறது. மருத்துவப் படிப்புக்குள்ள நீட் தேர்வு இங்கே மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் கால்நடை மருத்துவத்துக்கும் பொருந்தும். ஆடு மேய்த்த வீட்டுப் பிள்ளை ஆட்டின் மரபியலை ஆராயும் நாள் இதனால் அருகில் வந்திருக்கிறது. கல்லூரிகளும் பெருகின: நாமக்கல் (1985), ஒரத்தநாடும் திருநெல்வேலியும் (2012), பிறகு தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை. விழுப்புரத்துக்கு வடக்கே வேப்பேரி, கிழக்கே புதுச்சேரிக் குரும்பாப்பேட்டை, மேற்கே சின்னசேலம் தாண்டித் தலைவாசல். மூன்றுக்கும் நடுவில் இருக்கும் இம்மாவட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையம் ஒன்று விழுப்புரத்தில் இருக்கிறது, கல்லூரி இல்லை.

கல்லூரி வேண்டும் என்று கேட்பதைவிட எளிதான, உடனே செய்யக்கூடிய ஒன்றைக் கேட்கிறேன். இந்த மாவட்டத்து மந்தைகளையும் தொழுவங்களையும் வைத்து எழுதப்படும் ஒவ்வொரு முதுநிலை ஆய்வேட்டுக்கும் பத்துப் பக்கத் தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாகட்டும். அதன் ஒரு படி விழுப்புரம் மையத்தில் இருக்கட்டும்; இன்னொரு படியை, எடை பார்க்கத் தன் ஆட்டைப் பிடித்துக் கொடுத்த மந்தைக்காரரின் வீட்டில் மாணவரே கொண்டுபோய்க் கொடுத்துப் படித்துக் காட்டட்டும். நெறியாளர்கள் இதை அடுத்த பருவத்திலிருந்தே தொடங்கலாம்.